‘வரலையாம்’: பேட்டிகளைத் தமிழிலேயே அலசுவது பற்றி

“பணம் போயிடுச்சுங்க. அவங்களுக்குத்தான் வரலையாம்.”

யுபிஐ பற்றி யாரிடம் பேட்டி எடுத்தாலும் இந்தச் சாயலில் ஒரு வரியாவது வந்துவிடும். ஒரு யூஎக்ஸ் ரிசர்ச் (பயனர் அனுபவ ஆய்வு) குழுவின் கையில் இந்த வரிக்கு வழக்கமாக என்ன நடக்கிறது? பேட்டி தமிழில் நடக்கும். ட்ரான்ஸ்கிரிப்ட் (பேச்சின் எழுத்துப்படி) ஆங்கிலத்தில் வரும். அனுப்பியவர் கணக்கில் பணம் கழிந்தது, பெறுபவருக்குச் சேரவில்லை என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கும். அது எதைப் பற்றியது என்று அடையாளம் காட்ட, அதன் மேல் ‘பேமென்ட் ஃபெயிலியர்’ என்று ஒரு குறிச்சொல் விழும். இந்தத் தகவல் வங்கி சர்வரின் பதிவுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இதற்காக ஒருவரை முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேச வேண்டியதில்லை.

பேட்டி எடுத்தால் மட்டுமே கிடைப்பது அந்தக் கடைசி ‘ஆம்’. பணம் வரவில்லை என்று சொன்னவர் கடைக்காரர். பேசுகிறவர் அதைக் காதில் வாங்கியதாகச் சொல்கிறாரே தவிர, உண்மை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ‘போயிடுச்சு’ என்பதில் அனுப்பிய ஆளே இல்லை. பணம் தானாகப் போயிருக்கிறது. ‘அனுப்பிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ‘அவங்களுக்குத்தான்’ என்பதிலுள்ள ‘தான்’ சிக்கலை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், கல்லாவின் இரண்டு பக்கமும் நிற்பவர்களில் யார் பேச்சை யார் நம்புவது என்ற தகராறு தெரிகிறது. செயலியின் திரை தீர்த்துவைக்க வேண்டிய பிரச்சினை அதுதான். ஆங்கில ட்ரான்ஸ்கிரிப்டில் அந்தத் தகராறு ஆவியாகிவிடுகிறது.

அதனால் இந்தக் கட்டுரையின் கட்சி இதுதான்: பேசிய மொழியிலேயே குறிச்சொல் போடுங்கள், பேசிய மொழியிலேயே தொகுத்துப் பாருங்கள், மொழிபெயர்ப்பைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். (இங்கே வரும் பேச்சுகள் எல்லாம் முறையைக் காட்டுவதற்காக அமைத்தவை, எந்தப் பேட்டியிலிருந்தும் எடுத்தவை அல்ல. பேச்சின் துண்டுகளுக்குக் குறிச்சொல் போடுவதை எல்லோரும் ‘கோடிங்’ என்றுதான் சொல்கிறார்கள். புரோகிராம் எழுதுவதோடு குழம்பும் என்பதால் ‘குறிச்சொல்’ என்று எழுதுகிறேன்.)

எழுத்துப்படி: இங்கேதான் முதல் சேதாரம்

கணக்கைப் பார்த்துவிடுவோம். 12 பேட்டி, தலா 45 நிமிடம் என்றால் 9 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஆக 36 முதல் 54 மணி நேரம். ஒரு ஆளுக்கு முழுதாக ஒரு வாரம். எந்த மேனேஜரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்பதால் தானியங்கி எழுத்துப்படிக்குப் போகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் தமிழில் அது எங்கே சறுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சுத்தமிழை அது சில இடத்தில் எழுத்துத்தமிழாகத் திருத்தும், சில இடத்தில் அப்படியே விடும். ‘வரலையாம்’ என்பதை ‘வரலை’ என்றோ ‘வரவில்லை’ என்றோ எழுதிவிடும். ஒரே ஒரு ஒலிதானே, வாக்கியத்தின் வால், மூச்சு இறங்கும் இடம். ‘ம்’, ‘ஆங்’ போன்றவை காணாமல் போகும். ‘பென்டிங்’, ‘யூடிஆர்’ (பரிவர்த்தனை எண்) போன்ற சொற்கள் ஒலி ஒத்துப்போகும் வேறு ஏதாவது தமிழ்ச் சொல்லாக மாறி நிற்கும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சு மற்றவர் தலையில் விழும்.

இதைச் சரிசெய்ய, கருவி தந்த படியைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவை முக்கால் வேகத்தில் ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். 45 நிமிடப் பேட்டிக்கு நிறுத்தி நிறுத்தித் திருத்த இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கேட்பவர் பேட்டியில் உட்கார்ந்திருந்தவராக இருப்பது நல்லது. திருத்தும்போது செந்தமிழாக்க வேண்டாம். ‘போயிடுச்சு’ அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பேச்சு மாற்றத்துக்கும் நேரமும் வரிசை எண்ணும் போடுங்கள்: பே04 (நான்காவது பேட்டி), வரி 112, 00:23:40 என்ற மாதிரி. மூன்று வினாடிக்கு மேல் மௌனம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். கை திரையில் என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். “இதாங்க” என்று சொல்லி எதைக் காட்டினார் என்பது ஒலிப்பதிவில் இருக்காது. பார்வையாளர் குறிப்பை வைத்து அன்றைக்கே நிரப்பாவிட்டால் அது என்றைக்கும் தெரியப்போவதில்லை.

பெயர், ஊர், கடைப் பெயர் ஆகியவற்றை எல்லோரும் நீக்கிவிடுகிறார்கள். யுபிஐ ஐடியைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அதில் மொபைல் எண்ணே இருக்கும். திரைப்பதிவில் 12 இலக்க பரிவர்த்தனை எண் தெரிந்தால் அதையும் மறைக்க வேண்டும்.

பேட்டி முடிந்த சூட்டோடு, பேட்டி எடுத்தவரும் குறிப்பெடுத்தவரும் 15 நிமிடம் உட்கார்ந்து மூன்றே கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளலாம்: எது எதிர்பாராதது? போன பேட்டியோடு எது முரண்படுகிறது? அடுத்தவரிடம் எதைக் கூடுதலாகக் கேட்க வேண்டும்? பயனர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்து வடிவமைக்கும் முறையை 1998-இல் புத்தகமாக்கிய ஹ்யூ பேயரும் கேரன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் 48 மணி நேரத்துக்குள் குழுவாக உட்கார்ந்து பேட்டியைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். அதற்குமேல் போனால் குறிப்புகளைப் படிக்கிறோம், ஆளை மறந்துவிடுகிறோம்.

எந்த முறை என்ற கேள்வி

முறைகளின் பெயர்களை வைத்து நடக்கும் சண்டையில் நேரம் போக்க வேண்டாம், ஆனால் பெயரைத் தப்பாகப் பயன்படுத்தவும் வேண்டாம். பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பதை ஆராய்ந்து, தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் ‘கிரவுண்டட் தியரி’ முறையை 1967-இல் விரித்து எழுதினார்கள். அதில் தரவு சேகரிப்பும் அலசலும் ஒன்றாகவே நடக்கும். மூன்றாவது பேட்டியில் கிடைத்ததை வைத்துத்தான் நான்காவது ஆள் யார் என்று முடிவாகும். பன்னிரண்டு பேரையும் ஏஜென்சி மூலம் முன்கூட்டியே பிடித்துவைத்து, எல்லாம் முடிந்தபின் குறிச்சொல் போட்டுவிட்டு, அறிக்கையில் ‘கிரவுண்டட் தியரி’ என்று எழுதுவது தொழிலில் சகஜம். எழுதுபவருக்கும் சங்கடம், தெரிந்து படிப்பவருக்கும் சங்கடம்.

பெரும்பாலான புராடக்ட் கேள்விகளுக்கு வர்ஜீனியா பிரானும் விக்டோரியா கிளார்க்கும் 2006-இல் ஆறு கட்டங்களாக எழுதிய ‘திமாடிக் அனாலிசிஸ்’ போதும்: தரவில் ஊறுவது, குறிச்சொல் போடுவது, குறிச்சொற்களை இணைக்கும் கருப்பொருள்களைத் தேடுவது, அவற்றைச் சரிபார்ப்பது, வரையறுத்துப் பெயரிடுவது, எழுதுவது. இரண்டிலிருந்து நான்குக்குள் முன்னும் பின்னும் நாலைந்து தடவை போய்வர வேண்டியிருக்கும். ‘கருப்பொருள்கள் தாமாக வெளிப்பட்டன’ என்று எழுதுவதை அவர்கள் இருவருமே கண்டித்திருக்கிறார்கள். வெளிப்படுவதற்கு அவை நிலத்தடி நீர் அல்ல, அலசுபவர்தான் உருவாக்குகிறார். கேள்விகள் முன்பே தெளிவாக இருந்து, நேரமும் குறைவு என்றால், ஜேன் ரிச்சியும் லிஸ் ஸ்பென்சரும் பிரிட்டனில் கொள்கை ஆய்வுகளுக்காக வடிவமைத்த ‘ஃபிரேம்வொர்க்’ அட்டவணை கைகொடுக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்ப்போம்

ஒரு சிறு மளிகைக்கடைக்காரர் பேசுவதாக வைத்துக்கொள்வோம்:

“ஸ்கிரீன்ல பச்சை டிக் காட்டுவாங்க. நான் அதைப் பாக்கறதில்லைங்க. பாக்ஸ் சத்தம் வந்தாத்தான். சத்தம் வரலைன்னா, பரவாயில்லை போங்கன்னு சொல்லிடுவேன், தெரிஞ்சவங்கதானே. புது ஆளுன்னா கொஞ்சம் நிக்கச் சொல்றது. ராத்திரி பையன் வந்து பாத்துச் சொல்லுவான். அதுக்குத்தான் நோட்ல எழுதி வச்சிருக்கறது.”

முதல்முறை செய்பவர் இதற்கு ‘சவுண்ட் பாக்ஸ்’, ‘நம்பிக்கை’, ‘குடும்பம்’, ‘நோட்டு’ என்று போடுவார். இவை தலைப்புகள். நாற்பது துண்டுகளை ‘நம்பிக்கை’ என்ற பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். குறிச்சொல்லில் வினை இருக்க வேண்டும்: யார், எதை, எதற்காகச் செய்கிறார். இந்தத் துண்டுக்கு இப்படிப் போடலாம்: ‘வாடிக்கையாளர் காட்டும் திரையை ஏற்காமலிருத்தல்’, ‘சத்தத்தையே ரசீதாகக் கொள்ளுதல்’, ‘தெரிந்தவருக்குச் சரிபார்ப்பைத் தளர்த்துதல்’, ‘புதியவரைக் காத்திருக்க வைத்தல்’, ‘சரிபார்ப்பை மகனிடம் ஒப்படைத்தல்’, ‘நோட்டில் தனிக் கணக்கு வைத்தல்’. தமிழில் ‘-தல்’ விகுதி இதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. வினையும் விடுபடாது, பெயராகவும் நிற்கும்.

இனி சின்னச் சொற்கள். ‘பரவாயில்லை போங்க’ திருப்தியா, நஷ்டத்தை விழுங்குவதா? இங்கே பின்னாலேயே ‘தெரிஞ்சவங்கதானே’ வருவதால் இது கடன் கொடுக்கும் பேச்சு. இதே ‘பரவாயில்லை’, செயலி எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால், பாதி நேரம் மரியாதைக்காகச் சொன்ன குறை. தனியாக வந்த ‘பரவாயில்லை’க்கு நேர்மறை, எதிர்மறை என்று எந்த முத்திரையும் குத்தாமல், முன்னும் பின்னும் மூன்று வரி படித்துவிட்டுப் போடுவதுதான் பத்திரம்.

‘எழுதி வச்சிருக்கறது’: ‘எழுதறது’ என்றால் வெறும் செயல். ‘வைத்தல்’ ஒட்டிக்கொண்டதும் பின்னால் தேவைப்படும் என்ற முன்யோசனை வந்துவிடுகிறது. “ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்” என்பதும் அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தார் என்று மொழிபெயர்த்தால் அது ஒரு அம்சத்தைப் பயன்படுத்திய தகவல். தமிழில் அது சண்டை வந்தால் காட்ட ஒரு சாட்சி. ட்ரான்ஸ்கிரிப்ட் முழுக்க ‘வச்சு’ என்று தேடிப் பாருங்கள், மக்கள் எதையெல்லாம் சாட்சியாகச் சேர்த்துவைக்கிறார்கள் என்ற பட்டியல் பாதி வந்துவிடும்.

‘நிக்கச் சொல்றது’ என்பதில் ‘நான்’ இல்லை. கூச்சமான செயலைச் சொல்லும்போது ஆள் நழுவிப்போவது தமிழ்ப் பேச்சின் வழக்கம். ‘நாம தப்பா அமுக்கிட்டா’ என்று கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதும் அதே நழுவல்தான். தன் தப்பை எல்லோருக்கும் பங்கிட்டுவிடுகிறார். ‘நாங்க’ என்றிருந்தால் பேட்டி எடுப்பவர் வெளியே நிற்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘பையன் வந்து பாத்துச் சொல்லுவான்’ என்பதை விட்டுவிட்டால் பெரிய தவறு: அந்தச் செயலியின் உண்மையான பயனர் பேட்டியில் உட்காரவே இல்லை.

எவ்வளவு துண்டு வரும்? 45 நிமிடப் பேட்டியில் 40 முதல் 80 என்பது கையாளக்கூடிய அளவு. சொல்லுக்குச் சொல் போட்டால் காடாகிவிடும். பக்கத்துக்கு ஒன்று என்றால் எதுவும் பிடிபடாது. முதல் இரண்டு பேட்டியில் 80, 100 குறிச்சொல் வந்தால் பயப்பட வேண்டாம். நான்காவது பேட்டிக்குள் ஒத்தவற்றைச் சேர்த்து 25 முதல் 40-க்குள் கொண்டுவந்துவிடலாம். குறிச்சொல் ஏட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் வேண்டும்: பெயர், ஒரு வரி வரையறை, எங்கே போடக்கூடாது, ஒரு மாதிரி வரி. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘சரிபார்ப்பைத் தளர்த்துதல்’: கூட்ட நெரிசலால் பார்க்க முடியாமல் போனதற்குப் போடக்கூடாது. இந்த ஒரு வரி இல்லையென்றால் இரண்டு வாரத்தில் அந்தக் குறிச்சொல் குப்பைத்தொட்டியாகிவிடும். ஏட்டை மாற்றினால் பழைய பேட்டிகளுக்குத் திரும்பிப் போய்த் திருத்த வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இருவர் போட்டால் ஒத்துப்போகுமா

ஒரே இரண்டு பேட்டிகளுக்கு இருவர் தனித்தனியாகக் குறிச்சொல் போட்டு ஒப்பிடுவது நல்ல பழக்கம். ‘90 சதவீதம் ஒத்துப்போனது’ என்று அறிக்கையில் போடுவது அப்படியல்ல. 100 துண்டு, ‘சாட்சி சேர்த்தல்’ என்ற குறிச்சொல்லை இருவரும் ஆளுக்கு 10 துண்டுக்குப் போட்டார்கள், அதில் 5 மட்டுமே பொது. இருவருமே போடாதவை 85. ஆக 90 துண்டில் ஒற்றுமை. ஆனால் ஆளுக்கு 10 துண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் 0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82 ஒற்றுமை வந்திருக்கும். இப்படித் தற்செயலாக வரும் ஒற்றுமையைக் கழித்துவிட ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா சூத்திரப்படி (முழு ஒற்றுமை என்றால் 1) (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. சுமார்தான். அரிதாக வரும் குறிச்சொற்களில்தான் இந்த ஏமாற்று நடக்கும், அவைதான் பெரும்பாலும் சுவாரசியமானவையும்கூட.

பிரான், கிளார்க் வழியில் போகிறவர்களுக்குக் கப்பாவே தேவையில்லை. இருவரும் வேறுபட்ட அந்த 10 துண்டை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் பேசுவதில்தான் பலன். குறிச்சொல் ஏடு முன்பே இறுதியாகி, ஐந்தாறு பேர் நூறு பேட்டியைப் பிரித்துக்கொண்டு வேலை செய்யும்போது கப்பா அவசியம்.

சுவரில் ஒட்டுவது

பேட்டித் துண்டுகளைச் சீட்டுகளில் எழுதி, ஒத்தவற்றைச் சுவரில் குவியல்களாக ஒட்டுவதுதான் அஃபினிட்டி சுவர். அந்தப் பெயரில் ஆபீஸ்களில் நடப்பதில் பாதி, தலைப்புகளை முதலில் எழுதிவிட்டுச் சீட்டுகளை அதன் கீழ் அடுக்குவது. இதன் மூலமான ‘கேஜே’ முறையைத் தந்த ஜிரோ கவாகிடா ஜப்பானிய மானுடவியலாளர், நேபாள மலைக்கிராமங்களில் களப்பணி செய்தவர். அவர் முறையில் வரிசை நேர்மாறு: சீட்டுகளைப் பரப்பு, ஒன்றையொன்று இழுப்பவற்றைச் சேர், பெயர் அதற்கப்புறம்தான்.

பேட்டிக்கு 50 சீட்டு என்றால் 12 பேட்டிக்கு 600. நான்கு பேர் ஒரு நாள் முழுக்கச் செய்யும் வேலை. ஒவ்வொரு சீட்டிலும் பேட்டி எண், வரி எண் கட்டாயம். ஆளுக்கு ஒரு நிறம் கொடுப்பது இன்னும் நல்லது; ஒரு குவியல் முழுக்க ஒரே நிறமாக இருந்தால், அது நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவரின் குரல், கருப்பொருள் அல்ல. ஒரு குவியலில் மூன்று முதல் ஆறு சீட்டு வரை. இருபது சேர்ந்துவிட்டால் உள்ளே இரண்டு மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். குவியலுக்குப் பயனர் பேசுவது போலவே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘அறிவிப்புகள்’ என்று எழுதினால் ஒன்றுமில்லை. ‘கை வேலையா இருக்கும்போது காதுதான் கல்லாவைப் பாத்துக்குது’ என்றால் வடிவமைப்பாளருக்கு வேலை கிடைக்கிறது. கடைசியில் நின்று பார்க்கும்போது குவியல்களின் பெயர்கள் செயலியின் மெனுவைப் போலவோ, உங்கள் கேள்வித்தாளைப் போலவோ இருந்தால் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பித் தருகிறீர்கள்.

இதற்குப் பிறகு ஃபிரேம்வொர்க் அட்டவணை. வரிசைக்கு ஒரு ஆள், நெடுக்குக்கு ஒரு கருப்பொருள், ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வரிச் சுருக்கமும் வரி எண்ணும். சாதாரண ஷீட் போதும். இதில் காலிக் கட்டம்தான் பொக்கிஷம், ஆனால் இரண்டு வகைக் காலி உண்டு: ‘கேட்கவில்லை’, ‘கேட்டோம், அப்படி எதுவும் இல்லை என்றார்’. இரண்டுக்கும் வேறு குறி போடுங்கள். போடாவிட்டால் ‘12-இல் 7 பேர்’ என்று எழுதும்போது மிச்சம் 5 பேர் மறுத்தவர்களா, கேட்கப்படாதவர்களா என்று உங்களுக்கே தெரியாது. ஆள் எண்ணிக்கை போடலாம். 58 சதவீதம் என்று போடுவது மோசடி.

‘12 பேர் போதும்’ என்பதற்கு எல்லோரும் காட்டும் ஆதாரம் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் வெளியிட்டது. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளில், புதிய குறிச்சொற்கள் பெரும்பாலும் முதல் 12-க்குள்ளேயே வந்துவிட்டன. ஓரளவு ஒரே மாதிரி ஆட்கள், எல்லோருக்கும் ஒரே கேள்விகள் என்ற நிபந்தனையோடு கிடைத்த எண் அது. கடைக்காரர், வாடிக்கையாளர், இரவில் கணக்குப் பார்க்கும் மகன் என்று மூன்று வகை ஆட்களை நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டு 12 என்ற எண்ணைக் காட்டினால் அது பொருந்தாது. ஒவ்வொரு பேட்டிக்கும் எத்தனை புதிய குறிச்சொல் வந்தது என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டே வந்தால், எப்போது நிறுத்தலாம் என்று அதுவே சொல்லும்.

ஏஐ கருவிகளைப் பற்றி ஒரு பத்தி போதும். எழுத்துப்படியைக் கொடுத்து ஆங்கிலத்தில் சுருக்கம் கேட்டால் முதலில் விழுவது அந்த ‘ஆம்’தான். தலைப்புப் பட்டியல் அழகாக வரும். தனியாக முரண்பட்டு நின்ற ஒருவர் சராசரியில் கரைந்துபோவார். யாரும் சொல்லாத மேற்கோளும் வரலாம். நீங்களே குறிச்சொல் போட்டு முடித்தபின், ‘இந்தக் கருப்பொருளுக்கு எதிராகப் பேசும் வரிகளை வரி எண்ணோடு காட்டு’ என்று கேட்கப் பயன்படுத்தலாம். வந்த ஒவ்வொரு வரியையும் மூலத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடைசி நாள்: மொழிபெயர்ப்பு

பெங்களூரில் இருக்கும் வடிவமைப்பாளருக்கோ அமெரிக்காவில் இருக்கும் மேலதிகாரிக்கோ ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். 600 சீட்டையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அறிக்கைக்குள் போகும் 20, 25 மேற்கோள் போதும். பேட்டியில் இருந்தவரே மொழிபெயர்க்கட்டும், இன்னொருவர் தமிழைப் பார்க்காமல் ஆங்கிலத்தை மட்டும் படித்துத் தனக்குப் புரிந்ததைச் சொல்லட்டும். ‘பணம் சேரவில்லை’ என்று அவர் சொன்னால் மொழிபெயர்ப்பு தோற்றது. ‘பணம் சேரவில்லை என்று கடைக்காரர் சொன்னதாக இவர் சொல்கிறார்’ என்று சொன்னால் தேறியது. ஸ்லைடில் தமிழ் வரி மேலே, ஆங்கிலம் கீழே, ஓரத்தில் பேட்டி எண்ணும் வரி எண்ணும்.

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தாளில் மூன்று பகுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் முடிவு: ‘பணம் வந்ததா என்பதை எதிராளியின் திரையை வைத்துக் கடைக்காரர்கள் முடிவு செய்வதில்லை, தங்கள் பக்கத்தில் ஒலிக்கும் அல்லது எழுதியிருக்கும் ஒன்றை வைத்தே முடிவு செய்கிறார்கள்.’ ஆதாரம்: இன்னின்ன பேட்டி, இன்னின்ன வரி. மூன்றாவது, எதிர்ச்சான்று: பச்சை டிக்கைப் பார்த்ததும் பொருளைக் கொடுத்துவிடும் பே07. அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று தேடிப் போனால், பூ விற்பவர், ஒவ்வொரு விற்பனையும் இருபது முப்பது ரூபாய், மாலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் வரிசை நிற்கிறது. முடிவு வாக்கியத்தில் ‘தொகை பெரிதாகவும் வரிசை சிறிதாகவும் இருக்கும்போது’ என்ற ஐந்து சொற்கள் கூடுகின்றன. வடிவமைப்பாளர் முதலில் கேட்கப்போகும் கேள்வி அந்த ஐந்து சொற்களைப் பற்றியதாகத்தான் இருக்கும்.